ஆசி வரிசையில் ஒரு குரங்கு

ஓசூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தும் என் மகனே, ஆறாம் வகுப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்த உன் அப்பன் எழுதுகிறேன். சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படி. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். காரைக்குடியில் நான் அடித்துக் கொடுத்த பிளக்ஸ் பேனர்களில் பாதிக்கு மேல் பிழையோடுதான் காற்றில் ஆடின. அதற்காக எந்தக் கல்யாணமும் நின்றுபோகவில்லை.

போன வாரம் போனில் சொன்னாய். பரிணாமப் பாடம் எடுக்கிறபோதெல்லாம் எவனாவது ஒருத்தன் எழுந்து, "குரங்குலருந்துதான் மனுசன் வந்தான்னா, இப்ப ஏன் சார் இன்னும் குரங்கு இருக்கு?" என்று கேட்கிறானாம். நீ விளக்கினால் எல்லோரும் தலையை ஆட்டுகிறார்களாம். பரீட்சைத் தாளில் மறுபடியும் குரங்கைத்தான் தாத்தாவாக எழுதி வைக்கிறார்களாம். "அப்பா, நம்ம வீட்டுப் பேனர் கதைய நீங்களே எழுதி அனுப்புங்க. நான் சொன்னா அது பாடமாயிருது. நீங்க சொன்னாத்தான் கதையா இருக்கும்" என்றாய். வாத்தியார் ஒருவர் என்னிடம் வீட்டுப்பாடம் கேட்கிற காலம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. நீயும் மருமகளும் கிளம்பிப் போனதிலிருந்து உன் அம்மாவுக்கு ஏசுவதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. அவள் கண்ணில் படாமல் கடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தால் உன் வாலில்தான் போய் நிற்கிறது. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதுசு. சாயங்காலம் கடைக்கு வந்து கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாய். வெட்டிப்போட்ட பிளக்ஸ் துண்டுகளில் எவன் மூக்காவது, எவள் கம்மலாவது கிடைக்கும். அதையெல்லாம் சேர்த்து ஒரு முகமாக ஒட்டிப் பார்ப்பாய். ஒருநாள் அடியிலிருந்து குரல் வந்தது: "அப்பா, மனுசனுக்கு முன்னாடி வால் இருந்துச்சாமே?" நான் ஏதோ கட்சிக்காரருக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னேன்: "இருந்துச்சே. நீ பொறக்கையில ஒரு முழம் இருந்துச்சு. டவுசர் தைக்க முடியாதேன்னு ஆஸ்பத்திரியில நான்தான் வெட்டிவிடச் சொன்னேன்." நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ வீட்டுக்குப் போய், பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தைத் திருப்பித் திருப்பி வெட்டின இடத்தைத் தேடியிருக்கிறாய். வெட்டின வாலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று உன் அம்மாவிடம் கேட்டதற்கு அவள், "அத ஏன் எங்கிட்டக் கேக்குற? உங்கப்பாகிட்டக் கேளு. அவருக்கு இன்னும் வெட்டவே இல்ல" என்று சொன்னாளாம். நீ காலேஜில் விலங்கியல் எடுத்ததே அந்த வாலைத் தேடித்தான் என்பது இன்றைக்கும் அவள் கட்சி.

தேடிக் கண்டுபிடிக்கவும் செய்தாய். காலேஜ் முதல் வருஷ லீவில் வந்து, நான் குனிந்து செருப்புப் போடுகிற நேரம் பார்த்து, முதுகெலும்பு முடிகிற இடத்தில் விரலால் ஒரு குத்துக் குத்தினாய். "இந்தா, இதுதாம்ப்பா மிச்சம். நீங்க வெட்டல. மனுசன்னு ஒருத்தன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருச்சு. சிம்பன்சிக்கும் வால் இல்ல, கொரில்லாவுக்கும் இல்ல" என்றாய். நான் குன்றக்குடி மலைப்படியில் தேங்காய் மூடி பிடுங்குகிற குரங்கை மட்டும் பார்த்து வளர்ந்தவன். வாலில்லாத குரங்கு என்றால் என் கணக்கில் அது வால் போன குரங்கு, அவ்வளவுதான். "சரிடா, வால் எப்பப் போனா என்ன, குரங்குதான நமக்குப் பாட்டன்?" என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில் நீ இருந்தபோது இப்படித் தினம் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும்.

நம் கடையில் ஒரு படம் இருந்தது, உனக்கு நினைவிருக்கும். முதலில் கையைத் தரையில் ஊன்றிய குரங்கு, அடுத்து கொஞ்சம் எழுந்த குரங்கு, அடுத்து கூன் விழுந்த ஒருத்தன், அப்புறம் நிமிர்ந்தவன், கடைசியில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற மனுசன். அறிவியல் கண்காட்சி என்று எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாலும் அதைத்தான் அடித்துக் கொடுப்பேன். கடைசி ஆள் உடுப்பில்லாமல் நடந்தான். பள்ளிக்கூடத்துக்கு ஆகாதே என்று நான்தான் வேட்டி கட்டிவிட்டேன், கரை போட்ட வேட்டி. நீ அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பாய். "இது தப்புப்பா. பஸ்ஸுக்கு வரிசையில நிக்கிற மாதிரி ஒருத்தன் பின்னால ஒருத்தன் வரல. இது ஏணியும் இல்ல, கடைசிப் படியில நாம நிக்கவும் இல்ல. இது மரம் மாதிரி, கிளை கிளையாப் பிரியுது." நான் என்ன சொல்லுவேன்? "மரத்த எவன்டா கேக்குறான்? வர்றவனெல்லாம் வரிசையத்தான கேக்குறான்" என்பேன். வியாபாரி வாயில் அதுதான் வரும்.

இனி உன் பெரியப்பாவைப் பற்றி உன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அண்ணன். கீழச்சிவல்பட்டியில் ஆடு வளர்க்கிறார். எங்கள் அப்பா நான் கைப்பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன்தான் என்னைத் தோளில் போட்டு வளர்த்தது, கடை வைத்துக் கொடுத்தது, பெண் பார்த்துக் கொடுத்தது எல்லாம். எனக்கு அப்பா என்றால் ஏதோ ஒரு பழைய அடையாள அட்டையில் இருந்த, கழுத்து வரைக்குமான ஒரு மங்கிய முகம். மற்றதெல்லாம் அண்ணன். ஆள் நடந்து வந்தால் உடம்பு ஒரு பக்கமும் வளையாது, உலக்கையை நிறுத்தி வைத்தது மாதிரி வருவார். அதை வைத்து நான் அவரைக் கேலி பண்ணாத நாள் கிடையாது. "அண்ணே, குனிஞ்சா காசு கெடக்கு" என்பேன். குனிய மாட்டார். கடையில் அந்த வரிசைப் படம் அச்சாகிக்கொண்டிருந்தால் வந்த காலோடு திரும்பிப் போய்விடுவார். அவருக்குப் பள்ளிக்கூட விஷயம் என்றால் ஆகாது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கல்யாணம் வந்தது. ஊருக்கெல்லாம் பேனர் அடிக்கிறவன் மகன் கல்யாணத்துக்குச் சும்மா இருப்பானா? கல்யாணப் பேனரில் எது எங்கே வர வேண்டும் என்பதற்கு நம் பக்கம் ஒரு கணக்கு உண்டு. அது உன் பாடத்தைவிடக் கறாரானது. உச்சியில் சாமி. அதற்குக் கீழே ஆசி வரிசை, அதாவது காலமான பெரியவர்கள், மாலையோடும் விளக்கோடும். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். இரண்டு பக்கமும் தாய்மாமன்மார். கீழே வட்ட வட்டமாகப் பங்காளிகள், மச்சான்கள், கூட்டாளிகள். ஒரு வட்டம் ஒரு விரல்கடை சின்னதாகிவிட்டால் கல்யாண வீட்டில் சோறு இறங்காது. இத்தனை வருஷத்தில் நான் யாரையும் வரிசை மாற்றி வைத்ததில்லை. உன் கல்யாணத்துக்கு வைத்தேன். அறிவியல் வாத்தியார் கல்யாணம், ஒரு விளையாட்டு இருக்கட்டுமே என்று ஆசி வரிசையில் முதல் ஆளாக ஒரு சிம்பன்சியை ஏற்றினேன். நல்ல முகலட்சணமான சிம்பன்சி, ஏதோ யோசனையில் இருக்கிற முகம். சந்தன மாலை போட்டு, குத்துவிளக்கு வைத்து, 'ஆசி வழங்கும் ஆதிப் பாட்டனார்' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அந்த அடையாள அட்டை முகத்தோடு எங்கள் அப்பா.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் குன்றக்குடி மண்டப வாசலில் அதைக் கட்டி முடித்தபோது உன் அம்மாதான் முதலில் பார்த்தாள். "என்னத்த வச்சிருக்கீக மேல? எங்க மாமனாருக்குப் பக்கத்துலயா? வெளையாட இடம் கெடைக்கலையா உங்களுக்கு?" "அறிவியல்டி" என்றேன். "அறிவு இருக்கவுக செய்யிற வேலையா இது?" என்றாள். அந்த நேரம் பார்த்து வாழைத்தார் கட்டின மொபெட்டில் அண்ணன் வந்து இறங்கினார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது யாரு வேல?"

"நான்தாண்ணே. தம்பி வாத்தியாரு இல்லையா, அதான் சும்மா ஒரு…"

"எங்கப்பன் பக்கத்துல."

"அண்ணே, வெளையாட்டுக்குத்தான்…"

"எங்கப்பன் பக்கத்துல குரங்க வச்சிருக்க."

வாழைத்தாரை அவிழ்த்துத் தரையில் மெல்லக் கிடத்தினார். "தாலி எடுத்துக் குடுக்க வேற ஆளப் பாத்துக்கடா" என்றார். மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் அவ்வளவு சன்னமாகப் பேசி அதுவரை நான் கேட்டதே இல்லை.

தாலியைத் தட்டிலிருந்து எடுத்து உன் கையில் கொடுக்க வேண்டியவர் அவர். என் கல்யாணத்தில் எனக்கு எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அவர் வராமல் உன் கல்யாணம் நடந்தால், நடந்துதான் இருக்கும், மேளம் வாசித்திருக்கும், சாப்பாடு போட்டிருப்போம். அதற்குப் பிறகு அண்ணன் என்று கூப்பிட எனக்கு ஒருத்தரும் இருந்திருக்க மாட்டார். மண்டப வாசலில் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ சமையல்கட்டிலிருந்து வந்து பேனரை அண்ணாந்து பார்த்தாய். எனக்கு இரண்டாவது அடி விழப்போகிறது என்று நின்றேன். நீ சொன்னாய்: "படம் இருந்துட்டுப் போகட்டும்ப்பா. எடம்தான் தப்பு. இவரு மேல இருக்க வேண்டிய ஆளு இல்ல. கீழ இருக்கணும்."

"கீழ பங்காளிக வரிசையாச்சே."

"அதேதான். வண்டிய எடுங்க, பெரியப்பா வீட்டுக்குப் போவோம்."

அன்று சாயங்காலம் நடந்ததை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் ஆட்டுக் கொட்டகையில் வேப்பங்குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வா தம்பி" என்று உன்னை மட்டும் கூப்பிட்டார். நான் வேலி ஓரமாகவே நின்றுகொண்டேன். நீ மன்னிப்புக் கேட்பாய் என்று நான் நினைக்க, நீ ஒரு குழையை வாங்கி ஆட்டுக்கு நீட்டிக்கொண்டே ஊர்க்கதை மாதிரி ஆரம்பித்தாய்.

"பெரியப்பா, காளையார்கோவில்ல உங்க சித்தப்பா மகன் இருக்காகள்ல, அவுக உங்களுக்குத் தாத்தா முறையா?"

"என்னடா கேள்வி இது? அவன் எனக்குத் தம்பி முறை. பங்காளி."

"அவுக இருக்கையில நீங்க எப்படி இருக்கீக?"

"கிறுக்குப் பயலே, ரெண்டு பேரும் ஒரு பாட்டன் வழி. அவுக அங்குட்டுப் போனாக, நாங்க இங்குட்டு வந்தோம். அவன் இருந்தா நான் இருக்கக் கூடாதா?"

"சிம்பன்சியும் அம்புட்டுத்தான் பெரியப்பா. அது நமக்குப் பாட்டன் இல்ல. பங்காளி. அப்பா வரிசைய மாத்தி வச்சிட்டாரு."

அண்ணன் குழை ஒடிப்பதை நிறுத்தினார். "அப்ப அந்தப் பாட்டன் யாரு? குரங்கா, மனுசனா?"

"இன்னிக்கு இருக்கிற குரங்கும் இல்ல, மனுசனும் இல்ல. அவரு வேற. அவரு போட்டோ நம்மகிட்ட இல்ல. அங்கங்க எலும்பு கெடைக்குது. அது நம்ம பாட்டனோடதா, பாட்டனுக்குத் தம்பியோடதான்னு இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காக."

"எங்க பாட்டனுக்கும்தான் போட்டோ இல்ல" என்றார் அண்ணன், கொஞ்சம் சமாதானமானது மாதிரி. "எப்பப் பிரிஞ்சோம்?"

"அறுபது எழுபது லட்சம் வருசம் இருக்கும்."

"பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கா?"

வேலி ஓரத்தில் நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் ஆடுகள்கூட மெல்லுவதை நிறுத்தின. நீ மட்டும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே கேட்கிறார் என்று உனக்குத் தெரிந்திருந்தது. "அவன் மூத்த வீடா, எளைய வீடா?" என்று அடுத்து கேட்டார். இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். நமக்கு முன்னாலேயே இருந்தவன், மூத்த வீடுதானே? நீ இல்லை என்றாய். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே வயசு பெரியப்பா. பிரிஞ்ச பொறவு அவுகளும் சும்மா உக்காந்திருக்கல. காட்டுல பொழைக்கத் தக்கன அவுக மாறிக்கிட்டு வந்தாக, நாம நம்ம பொழப்புக்குத் தக்கன மாறிக்கிட்டு வந்தோம். மனுசனாகக் கெளம்பி பாதி வழியில நின்னுபோன ஆளு இல்ல அது. இன்னும் லட்சம் வருசம் காத்திருந்தாலும் அது மனுசனா ஆகாது. ஆக வேண்டிய அவசியமும் அதுக்கு இல்ல."

பேச்சு அதோடு முடிந்தது என்று நான் உள்ளே வரக் காலை எடுத்து வைத்தேன். அப்போதுதான் அண்ணன் கேட்டார். "அப்ப அந்தப் படம்? உங்கப்பன் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் அடிச்சுக் குடுப்பானே, வரிசையா நடந்து வருவானுக. நடுவுல ஒருத்தன் கூனிக்கிட்டு வருவான். அவன் யாரு?"

"அந்தப் படமே தப்பு பெரியப்பா. அப்படி ஒரு வரிசையே கெடையாது."

"நான் அதக் கேக்கல. அவன் யாருன்னு கேக்குறேன்."

அவரே சொன்னார். நம் வீட்டில் யாருக்கும் தெரியாததை ஒரு ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார். எங்கள் அப்பா அரிசி மண்டியில் மூட்டை சுமந்தவர். சுமந்து சுமந்து முதுகு வளைந்துவிட்டது. கை முழங்காலுக்குக் கீழே தொங்க நடந்து வருவாராம். "குரங்கு வருது, வாழப்பழத்த உள்ள எடுத்து வை" என்று கடைத்தெருவில் சொல்லுவார்களாம். அப்பா தானும் சிரித்துக்கொண்டே போய்விடுவாராம். ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன அண்ணனைப் படித்த ஆள் ஒருவன் கூப்பிட்டு, ஒரு புத்தகத்தைப் பிரித்து இதே வரிசைப் படத்தைக் காட்டியிருக்கிறான். கூனிக்கொண்டு வருகிறவன் மேல் விரலை வைத்து, "இது உங்கப்பன். அதுக்கு முந்தினது உங்க தாத்தன். நீயும் மூட்ட தூக்குறவன் மகன்தான, உனக்கும் கூன் விழும்" என்று சொல்லியிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். "அன்னிக்கு நிமிந்தவன்டா நான்" என்றார் அண்ணன், முதல் தடவையாக என்னைப் பார்த்து. "தூங்கும்போதுகூட நேராத்தான் படுப்பேன்."

அவர் நடையை வைத்து நான் அடித்த கேலி ஒவ்வொன்றும் வந்து வேலியில் வரிசையாக உட்கார்ந்தது போலிருந்தது. நீ கையிலிருந்த குழையைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். பாடம் நடத்தும் குரல் இல்லை அது.

"பெரியப்பா, தூக்கித் தூக்கி வளைஞ்ச முதுகு தாத்தாவோட போயிருச்சு. அது பிள்ளைக்கு வராது. ஆட்டுக்குக் காது குத்தினா குட்டி ஓட்டையோடயா பொறக்குது?"

"இல்லையே."

"அதுமாதிரிதான். இன்னொண்ணு. சிம்பன்சிகிட்டருந்து அளந்தா எல்லா மனுசனும் ஒரே தூரம். கறுத்தவன், செவத்தவன், கூனி நடந்தவன், நிமிந்து நடந்தவன், எல்லாரும். அதுல எங்க தாத்தா பக்கத்துல, மத்தவன் தூரத்துலன்னு கெடையவே கெடையாது."

"அந்தப் புத்தகத்துல வெரல வச்சானே, அவன்?"

"அவனும் அதே தூரம்தான். ஒரு சாண்கூட முன்னபின்ன இல்ல."

"அவனுமா?"

"அவனும்தான் பெரியப்பா."

அண்ணன், "அவனும்தான்" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டார். "சரி, போயிட்டு வாங்க. ஆடு கட்டணும்" என்று எழுந்துவிட்டார். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் நீ பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாய். உன்னைச் சின்ன வயதில் வண்டியில் வைத்துக்கொண்டு போனபோது முன்னால் நிற்க வைத்திருப்பேன். எப்போது பின்னால் போய் என்னைப் பிடிக்கிற ஆளானாய் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மறுநாள் காலையில் நான் கடை திறக்கும்போது அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணியில் சுற்றின ஒரு போட்டோ. அவர் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாராம். எனக்குக்கூடக் காட்டினதில்லை. யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது, ஓரத்தில் எங்கள் அப்பா. தலையில் துண்டு, தொங்குகிற கை, வில்லாக வளைந்த முதுகு, முகம் மட்டும் நிமிர்ந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறது. நான் என் அப்பாவை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இத மேல வை" என்றார்.

"முகத்த மட்டும் வெட்டி எடுத்துக்கிறேண்ணே."

"வெட்டாத. முழுசா வை. காலு வரைக்கும்."

"அந்தச் சிம்பன்சிய எடுத்துர்றேன்."

"ஏன் எடுக்குற? கீழ வை, பங்காளி வரிசையில. எனக்குப் பக்கத்துல எடம் இருக்குல்ல? இத்தன லட்சம் வருசம் கழிச்சுப் பாக்குறோம்." எனக்கு உயிர் வந்தது. நான் படத்தைக் கீழே இறக்கினேன். அவர் கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்துவிட்டு, "மாலைய எடுடா. உசுரோட இருக்கவனுக்கு எதுக்கு மால?" என்றார். இத்தனை வருஷம் பேனர் அடிக்கிறவனுக்கு அது தோன்றவில்லை பார்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. உனக்குத் தெரியும், மேலேயிருந்து ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாக வெளியே வரும். சாமி வந்தார். அடுத்து அப்பாவின் துண்டு வந்தது. பிறகு நெற்றி, சிரிப்பு, பிறகு அந்த முதுகு, அது வந்துகொண்டே இருந்தது, பிறகு தொங்குகிற கை, பாதம். நாங்கள் இரண்டு பேரும் மெஷின் பக்கத்தில் நின்றோம், ஏதோ பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பது மாதிரி.

"எங்கப்பன் இம்புட்டு உசரமாடா?" என்றார் அண்ணன்.

"பெருசாப் போட்டிருக்கேண்ணே."

"இல்லடா. நிமிந்தா இம்புட்டு இருப்பாரு."

கல்யாணத்தன்று உன் கையில் தாலியை எடுத்துக் கொடுத்தது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ மேடையில் இருந்ததால் வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பேனரைப் பார்த்து, "அட, குரங்குலருந்துதான வந்தோம்னு போட்டிருக்காக" என்று சிரித்தார். அண்ணன் விடவில்லை. "யாரு சொன்னது? உங்க பங்காளிய நீங்க பாட்டன்னு கூப்புடுவீகளா? அது எங்க பங்காளி. உங்களுக்கும்தான்" என்று அவரை நிறுத்தி வைத்து, கிளை கிளையாகப் பிரிந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாவம், அந்த மனுசன் முதல் பந்தியைக் கோட்டைவிட்டார். எங்கள் அப்பாவைக் காட்டி, "இவரு?" என்று கேட்டதற்கு, "எங்கப்பா. அரிசி மண்டியில மூட்ட தூக்குனாரு" என்று அண்ணன் வாசல் முழுக்கக் கேட்கச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

அந்த வரிசைப் படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். இப்போது பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் நீ வரைந்து கொடுத்த கிளைப் படத்தைக் காட்டுகிறேன். "மனுசன் எங்கங்க? உச்சியில காணோமே" என்கிறார்கள். "அந்தா, ஓரத்துல ஒரு கொப்புல பாருங்க" என்கிறேன். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். நீ உன் வகுப்பில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். எந்தப் பிள்ளையாவது இன்னொரு பிள்ளையின் நிறத்தையோ நடையையோ அப்பன் செய்கிற வேலையையோ வைத்துக் குரங்கு என்று சொல்லிச் சிரித்தால், அன்றைக்குப் பரீட்சைக்கு எத்தனை பாடம் பாக்கி இருந்தாலும் மூடி வைத்துவிடு. அதுதான் அன்றைய பாடம். கூனிக்கொண்டு வருகிறவன் யார் என்று எங்கள் அண்ணன் கேட்ட கேள்வியைக் கேட்க முடியாமல் உன் வகுப்பில் ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக்கூடும்.

மருமகள் நன்றாக இருக்கிறாளா? ஓசூர்க் குளிருக்கு உனக்குச் சளி பிடிக்கிறது என்று அவள் உன் அம்மாவிடம் சொன்னாளாம். ராத்திரி காதை மூடிக்கொண்டு படு. உன் அம்மா நீ வைத்துவிட்டுப் போன பழைய சட்டையைத் துவைத்துத் துவைத்து மடித்து வைக்கிறாள், அழுக்கே இல்லாததை. கேட்டால் என்னைத்தான் ஏசுகிறாள்.

கல்யாணம் முடிந்ததும் பேனரை அண்ணன் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மழைக்கு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகக் கட்டியிருக்கிறார், படம் உள்பக்கம் தெரிகிற மாதிரி. மத்தியானம் அதற்குக் கீழே கட்டிலைப் போட்டு, இடுப்பைக் கோணிக்கொண்டு, ஒரு காலை மடக்கிக்கொண்டு நன்றாகத் தூங்குகிறார். நேற்று நான் போனபோது எழுந்து உட்கார்ந்து ரொம்ப யோசனையாக ஒரு விஷயம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்லிவிடு, அவர் வீட்டில் விருந்து வைத்திருக்கிறார்.

"டேய், சிம்பன்சி பங்காளி, சரி. இந்த ஆடு நமக்கு என்ன முறை வேணும்னு உன் மகன்கிட்டக் கேளு. அடிக்கிறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கணும்."